வாழவந்திக்கு வரும் இரண்டு காற்றுகள்

அன்புள்ள வாழவந்தி நண்பருக்கு,

ஆடியில் மேற்கேயிருந்து அறைகிற காற்று ஐப்பசியில் கிழக்கே மாறிக்கொள்வது ஏன், உலகத்து வியாபாரக் காற்றுக்கும் நம் சேர்வராயன் மலைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, நிறையவே. வியாபாரக் காற்று ஒரு பாடம், பருவக்காற்று வேறு பாடம் என்று பள்ளியில் பிரித்து மனப்பாடம் செய்ததால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிச் சூடேறிய ஈரக்காற்று மேலே எழும்பி, இடிமேகமாகி, மழையைக் கொட்டிவிட்டு, உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிகிறது. ஏறக்குறைய 30 பாகை அட்சத்தில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி உலர்ந்துவிடும். அங்கே மேகம் கட்டாது. சகாரா பாலைவனம் அந்த வரிசையில் கிடப்பது இதனால்தான். இறங்கிய காற்று தரையோடு தரையாக நிலநடுக்கோட்டுக்கே திரும்புகிறது. அதுதான் வியாபாரக் காற்று.

அது நேராக வராமல் சாய்ந்து வருவதற்குப் பூமியின் சுழற்சி காரணம். நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 30 பாகையில் சுமார் 1,450தான். மெதுவான தரையிலிருந்து வேகமான தரைக்கு வரும் காற்று பின்தங்கும். தரையில் நிற்கும் நமக்கு அது கிழக்கேயிருந்து வீசும். 1686இல் இந்தக் காற்றுகளை வரைபடமாக்கிய எட்மண்ட் ஹாலிக்கு (வால்நட்சத்திரத்து ஹாலியேதான்) இந்தக் காரணம் பிடிபடவில்லை. 1735இல் அதைச் சொன்னவர் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர். அவர் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் இந்தச் சுழற்சிக்கு இன்றும் அவர் பெயர்தான், அது நியாயமும்கூட.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். இரு அரைக்கோளத்துக் காற்றும் கூடுகிற பட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியனைத் தொடர்ந்து நகரும். உங்கள் ஏற்காட்டில் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் 21 வாக்கில். அந்தச் சூட்டில் பிற்பகலில் இடிமேகம் திரண்டு பெய்வதுதான் நீங்கள் காத்திருக்கும் பூமழை. மொட்டு நனைந்து எட்டுப் பத்து நாளில் காப்பித் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்துவிடுகிறது.

ஜூலைக்குள் வட இந்தியத் தரை காய்ந்து, பட்டையைக் கங்கைச் சமவெளி வரை இழுத்துக்கொண்டு போய்விடும். கடலுக்கு மேல் அது இவ்வளவு தூரம் போகாது. ஆசியாவின் பெரிய நிலப்பரப்பால் வந்த வினை இது. அப்போது தென்கோளத்து வியாபாரக் காற்று மொரீஷியஸ் பக்கமிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியக் கரையோரம் வேகம் பிடித்து, வலப்புறம் வளைந்து அரபிக்கடல் வழியாக நம்மிடம் வருகிறது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் சந்ததியினர் வாழும் அந்தத் தீவின் மேல் தென்கிழக்கிலிருந்து வீசுவதும், உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலைகளை வெள்ளி அடிப்பக்கம் தெரியப் புரட்டுகிற ஆடிக்காற்றும் ஒரே ஓட்டம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஈரத்தின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை பிடுங்கிக்கொள்கிறது. மிச்ச ஈரமும் பகல் சூடும் சேர்ந்துதான் இங்கே ஆடி ஆவணி மழை.

ஐப்பசியில் பட்டை தெற்கே இறங்குகிறது. நம் வடகோளத்துக்கே உரிய வடகிழக்கு வியாபாரக் காற்று திரும்புகிறது. நிலத்திலிருந்து உலர்ந்து கிளம்பும் அது வங்கக்கடலைக் கடக்கும்போது நீர் குடித்து வருகிறது. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காடு மலைமேல் ஏறிக் குளிர்ந்ததும் பனிமூட்டமும் தூறலும். வாடை என்று நம் ஊரில் போர்த்திக்கொள்ள வைப்பது, உலகத்து மாலுமிகள் பாய் விரித்துக் காத்திருந்த அதே காற்றுதான். வடகோளத்துக் காற்று ஒரு பாதி, தென்கோளத்துக் காற்று ஒரு பாதி என்று இரண்டாலும் நனைகிற ஊர் உங்களுடையது.

ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் மழைமானி வைத்து அளவைக் குறித்து வருவதாக எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே காற்றின் திசையையும் எழுதுங்கள், முக்கியமாக அக்டோபரில். அந்த மாதம் மேல்காற்று மழையும் கீழ்காற்று மழையும் கலந்தே பெய்யும். அளவை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது.

அன்புடன்.