நச்சுமுறிவு மருந்தும் விலங்குச் சோதனையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். ஆனால், நெல்லும் கரும்பும் விளையும் நம் பெண்ணாடம் பகுதியில் நடுங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட இயலாது. கரும்பு வெட்டவும், இரவில் மடை திறக்கவும் சென்றே ஆகவேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எனவே, நச்சுமுறிவு மருந்து மனிதனுக்குச் செலுத்தப்படுமுன் விலங்குகளிடம் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை அறிவது நமக்குப் பயனுடையதாகும்.

மருந்து உருவாகும் முறை

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அளித்து வந்துள்ளது. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்வதே மருந்தாகும்.

சோதனை

முதலில், சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் நஞ்சின் அளவைக் காண்கின்றனர். பின்னர் அதனைப்போல் சில மடங்கு நஞ்சுடன் மருந்தை வெவ்வேறு அளவுகளில் கலந்து, 37 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்திருந்து, எலிகளுக்குச் செலுத்துகின்றனர். 24 மணி நேரத்திற்குப்பின் பிழைத்தவற்றை எண்ணி மருந்தின் ஆற்றலைக் கணக்கிடுகின்றனர். நம் நாட்டு மருந்து ஒரு மில்லி லிட்டர், நல்ல பாம்பின் நஞ்சு 0.6 மில்லி கிராமையும், கட்டுவிரியனின் நஞ்சு 0.45 மில்லி கிராமையும் முறிக்கவேண்டும். காய்ச்சலை உண்டாக்கும் மாசு மருந்தில் உள்ளதா என்பதை அறிய, நெடுங்காலமாக முயல்களுக்குச் செலுத்தி அவற்றின் உடல் வெப்பத்தை அளந்து வந்தனர்.

சோதனையின் எல்லை

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். சோதனையில் நஞ்சும் மருந்தும் முன்னரே கலந்துவிடுகின்றன. வயலிலோ நஞ்சு முதலில் ஏறுகிறது. மருந்து பல மணி நேரம் கழித்தே வருகிறது. நரம்பையும் சிறுநீரகத்தையும் நஞ்சு அதற்குள் தாக்கிவிடக்கூடும். மேலும், குதிரைப் புரதத்தால் மனிதருக்கு உண்டாகும் கடும் ஒவ்வாமையைச் சுண்டெலி முன்கூட்டியே காட்டுவதில்லை.

வாரெஸ்பிளாடிப் என்னும் புதிய மருந்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. வேறு நோய்களுக்கென உருவாக்கப்பட்ட இது, பல பாம்புகளின் நஞ்சிலுள்ள ஒரு முக்கிய நொதியைத் தடுக்கிறது. விலங்குச் சோதனைகளில் எலிகளையும் பன்றிகளையும் சாவிலிருந்து காத்தது. ஆனால் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 95 நோயாளிகளிடம், வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்து இதனை ஆராய்ந்தபோது, முதன்மை அளவுகோலில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என 2024-இல் வெளியான முடிவு தெரிவித்தது. கடிபட்டு விரைவில் மருந்து பெற்றோரிடம் மட்டும் நன்மைக்கான அறிகுறி தென்பட்டது.

முடிவுரை

விலங்குச் சோதனை தேவையற்றது என்பது இதன் பொருளன்று. ஆற்றலற்ற மருந்தையும் மாசுற்ற மருந்தையும் அது வாயிலிலேயே தடுத்துவிடுகிறது. ஆயினும், சோதனையில் தேறிய மருந்தும் காலங்கடந்து வந்தால் முழுப்பயன் தராது. எனவே கடித்த இடத்தைக் கீறாமலும், இறுகக் கட்டாமலும், மந்திரிப்பவரைத் தேடி நேரத்தை வீணாக்காமலும், கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதனை நம் ஊர்களில் எடுத்துரைப்பது அறிவியல் பயிலும் நம் கடமையாகும்.