இறுகிய பூட்டை வீட்டிலேயே இளக்குவது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த பூட்டு ஒன்றாவது இல்லாத வீடு குறைவு. அதிலும் திண்டுக்கல் பூட்டு என்றால் நம்மவருக்குத் தனி நம்பிக்கை. தாத்தா காலத்து இரும்புப் பெட்டியிலோ, வாசல் கிரில் கேட்டிலோ, மொட்டைமாடிக் கதவிலோ அது இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். திண்டுக்கல்லிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கைவேலையாகச் செய்யப்பட்டு வரும் இப்பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்படிப்பட்ட பூட்டு ஒருநாள் இறுகிப்போனால் நாம் என்ன செய்கிறோம்? சாவியை இன்னும் பலமாகத் திருகுகிறோம். பிறகு எண்ணெய் விடுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வேறு வாங்குகிறோம். இம்மூன்றும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். பெரும்பாலான பூட்டுகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அதற்கான முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய சிக்னல் கேபின்களில் லீவர்கள் வரிசையாக நிற்கும். அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. தண்டவாளப் பாதை முறையாக அமையும்வரை அந்தப் பாதைக்குரிய சிக்னல் லீவர் அசையாது. ஆகவே, வராத லீவரை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பது வேலை தெரிந்தவர் செய்யும் காரியமல்ல. ஏன் வரவில்லை என்று பார்ப்பதே அவர் செய்யும் முதல் வேலை. பூட்டுக்கும் இதே விதிதான். இறுக்கம் என்பது பூட்டு நமக்குச் சொல்லும் ஒரு சேதி. அதைக் கேட்காமல் பலத்தைக் காட்டினால் சாவிதான் முறியும்.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது?

நல்ல பூட்டுகள் பலவும் லீவர் பூட்டுகளே. உள்ளே மெல்லிய தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவைதான் லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு சிறிய பட்டை ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. நாம் சாவியைத் திருப்பும்போது, சாவிப் பற்களின் படிகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டுக்கு வந்தால் பூட்டின் நாக்கு நகர்ந்து வழி விடும். ஒரு தகடு குறைவாக உயர்ந்தாலும் திறக்காது. அதிகமாக உயர்ந்தாலும் திறக்காது.

இந்த இரட்டைக் கட்டுப்பாட்டை 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் காப்புரிமை பெற்றுக் கொண்டுவந்தார். 1818-இல் ஜெரமையா சப் என்பவர் இதை மேலும் வளர்த்தார். அவருடைய பூட்டில் கள்ளச்சாவி ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால், பூட்டு அப்படியே சிக்கிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட பூட்டையும் 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். அது வேறு கதை. நமக்கு வேண்டிய பாடம் இதுதான்: சாவிப் பற்களின் உயரத்தை ஒருபோதும் அரத்தால் தேய்க்கக் கூடாது.

ஊர்ப் பழக்கமும் பெங்களூர்க் குளிரும்

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அது உருகியே இருப்பதால் குறை தெரிவதில்லை. பெங்களூரிலோ மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். குளியலறையில் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்க்கிறோம். அதே எண்ணெய்தான் பூட்டுக்குள்ளும் உறைந்து, மெல்லிய லீவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. "மத்தியானம் நன்றாகத் திறக்கிறது, காலையில்தான் மக்கர் செய்கிறது" என்று பலர் சொல்லக் காரணம் இதுவே. நல்லெண்ணெய் உறையாது. ஆனால் நாளடைவில் காற்றுபட்டுப் பிசினாகி, தெருப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை அற்பமாக எண்ண வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தை மாதத்து அதிகாலையில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ வாசலில் வந்து நின்றுவிட்டது. இரவில் உள்ளிருந்து பூட்டிய கிரில் கேட்டின் பூட்டு மட்டும் திறக்க மறுத்தது. மகன் பதற்றத்தில் பலமாகத் திருக, சாவி வளைந்துபோனது. பக்கத்து வீட்டார் இரும்புக் கம்பியால் நாதாங்கியை நெம்பியெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்பது கடவுள் புண்ணியம். அந்தப் பூட்டில் முந்தைய வாரம்தான் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள்.

முதலில் நோயறிதல்

பூட்டைத் தொடுமுன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

1. பூட்டைக் கதவிலிருந்து கழற்றிக் கையில் வைத்துத் திறந்து மூடிப் பாருங்கள். கையில் எளிதாகத் திறந்தால் குற்றம் பூட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும். கீல் தளர்ந்தால் கதவு இறங்கும். அப்போது நாதாங்கி பூட்டின் கொண்டியை இழுத்துப் பிடிக்கும். கீலின் திருகாணிகளை முடுக்குங்கள், அல்லது நாதாங்கியைச் சரியான இடத்துக்கு மாற்றுங்கள்.

2. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அசல் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது எளிதாகத் திரும்பினால் தினமும் பயன்படுத்தும் சாவியில்தான் கோளாறு.

3. காலையிலும் மத்தியானத்திலும் திறந்து பாருங்கள். காலையில் மட்டும் இறுகினால் எண்ணெய்ப் பிசுக்கே காரணம்.

செய்முறை

தேவையானவை: மண்ணெண்ணெய் (கிடைக்காதவர்கள் பெயிண்ட் கடையில் டர்பன்டைன் வாங்கலாம்), பழைய பல்துலக்கி, மிக நைசான எமரித் தாள், பருத்தித் துணி, 4பி அல்லது 6பி பென்சில் ஒன்று. எல்லாமே நம் பேட்டைக் கடைகளில் கிடைக்கும். கிராஃபைட் பொடியாகவே வேண்டுமென்றால் எஸ்.பி. ரோட்டு ஹார்ட்வேர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முதற்படி, கழுவுதல். பூட்டைத் திறந்த நிலையில் ஒரு பழைய தகர டப்பாவில் வைத்து, மூழ்கும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். இடையிடையே சாவியைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கறுப்பாக அழுக்கு இறங்கும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டைக் கவிழ்த்து வடித்து, புதிய மண்ணெண்ணெயில் இன்னொரு முறை அலசுங்கள். இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி, உலர்த்துதல். ஒருநாள் முழுவதும் வெயிலில் வையுங்கள். அவசரப்பட வேண்டாம். ஈரம் இருந்தால் அடுத்து வரும் பென்சில் பொடி சேறாகிவிடும்.

மூன்றாம் படி, சாவியைப் பார்த்தல். சாவிப் பற்களில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை தடவி, காய்ந்ததும் பூட்டில் போட்டு ஒருமுறை திருப்பி எடுங்கள். எங்கெல்லாம் மை அழிந்திருக்கிறதோ அங்கெல்லாம் உரசுகிறது என்று பொருள். பற்களின் நுனியில் மை அழிவது இயற்கை. லீவரைத் தூக்கும் இடம் அது. பக்கவாட்டிலும் ஓரங்களிலும் அழிந்திருந்தால் அங்கே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வெட்டியபோது நின்றுவிட்ட பிசிறு தட்டுப்படும். எமரித் தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி, மூன்று நான்கு இழுப்புக்கு மேல் போகாமல் அந்தப் பிசிறை மட்டும் நீக்குங்கள். மறுபடி மை தடவிப் பாருங்கள்.

நான்காம் படி, பென்சில் பொடி. பென்சில் முனையைப் பிளேடால் சுரண்டி நைசான பொடியாக்குங்கள். சாவியை அதில் புரட்டி, பூட்டில் போட்டுப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் குளிரில் உறைவதில்லை, புழுதியையும் ஒட்டவைப்பதில்லை. கொண்டி திரும்பும் மூட்டில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். அது சாவித் துவாரத்துக்குள் போகக் கூடாது.

ஸ்பிரிங் நம் எதிரியல்ல

இத்தனைக்குப் பிறகும் சற்று அழுத்தமாகவே திரும்பினால், அது ஸ்பிரிங்கின் இயல்பான பலமாக இருக்கலாம். அதை மெலிதாக்க முயல வேண்டாம். திரைப்படங்களில் கௌபாய்கள் கையில் வைத்திருக்கும் லீவர் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டர் முதல் அதன் பக்கவாட்டில், தோட்டாவை உள்ளே தள்ள ஸ்பிரிங் கதவு ஒன்று உண்டு. அது மிக இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி ஸ்பிரிங்கைத் தேய்த்துவிட்டால், கதவு மீண்டும் முழுமையாக மூடாது. அங்கும் கை வைக்க வேண்டியது கூரான ஓரத்தில்தான், ஸ்பிரிங்கில் அல்ல. (நம் நாட்டில் துப்பாக்கியை வீட்டில் பழுதுபார்க்க முற்படக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது உரிமம் பெற்றவர்களின் வேலை.) பூட்டிலும் அப்படியே. ஸ்பிரிங் பலமிழந்தால் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது. அப்புறம் பூட்டு எளிதாகத் திறக்கும். திருடனுக்கும் எளிதாகத் திறக்கும்.

எப்போது பூட்டுக்காரரிடம் போவது?

கைவேலைப் பூட்டுகள் பெரும்பாலும் ரிவிட் அடித்து மூடப்பட்டவை. அவற்றைப் பிளந்து பார்க்க வேண்டாம். உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்டாலோ, சாவி எதிலும் தட்டாமல் சும்மா சுற்றினாலோ, ஸ்பிரிங் முறிந்திருக்கிறது என்று கொள்ளலாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றுச்சாவி வெட்டும்போது தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுக்காதீர்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வெட்டி முடிக்கும்வரை அருகிலேயே நில்லுங்கள்.

நினைவில் கொள்க

* சாவி வளையத்தில் கம்பி கோத்தோ, குறடால் பிடித்தோ திருகாதீர்கள்.
* சமையல் எண்ணெய் எதுவும் பூட்டுக்குள் வேண்டாம்.
* ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் மார்கழிக்கு முன்னும், பென்சில் பொடி போடுங்கள்.
* இரவில் உள்ளிருந்து பூட்டும் கேட்டின் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்கட்டும்.
* வேலைக்குப் போகும்போது, வயதான பெற்றோரையோ குழந்தைகளையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிச் செல்லாதீர்கள். தீயோ நோயோ வந்தால் அவர்களுக்கு வழியில்லை. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்துங்கள்.

பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். மை அழிந்த இடத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பூட்டு கள்வனைத் தடுக்க வேண்டும். வீட்டாரைத் தடுக்கக் கூடாது. இந்த வாரமே உங்கள் வீட்டுக் கேட்டின் பூட்டை ஒருமுறை விடியற்காலையில் திறந்து பாருங்கள்.