காமிக்ஸ் ஓவியர் ஆக வேண்டுமா? கதை சொல்லப் பழகுங்கள்!

காமிக்ஸ் ஓவியராக விரும்பும் பலருடைய நோட்டுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஸ்பைடர்மேன் பாய்ந்துகொண்டிருப்பார், பேட்மேன் கட்டட விளிம்பில் நிற்பார். கோடுகள் அருமையாக இருக்கும். ஆனால் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கெட்ட செய்தி ஒன்றைச் சொல்கிற நான்கு கட்டங்கள் இருக்காது. வேலை கொடுக்கும் எடிட்டர் தேடுவதோ அந்த நான்கு கட்டங்களைத்தான்.

காமிக்ஸ் ஓவியம் முதலில் கதை சொல்லும் வேலை. ஒரு பக்கம் ஸ்கிரிப்டில் தொடங்கி அச்சுக்குப் போகும்வரை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொருவரும் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால், எதில் பயிற்சி எடுப்பது என்ற குழப்பம் தீரும். வேலையைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளும் அமெரிக்க மாத இதழ்களின் முறையை இங்கே பார்ப்போம்.

யார் யாருக்கு என்ன வேலை?

ஓர் இதழில் பொதுவாக 20 முதல் 22 கதைப் பக்கங்கள் இருக்கும். எழுத்தாளர் ஸ்கிரிப்ட் தருவார். பென்சிலர் அதைக் கட்டங்களாக்கி வரைவார். இங்கர் பென்சில் கோடுகளுக்கு மையிடுவார். கலரிஸ்ட் வண்ணம் சேர்ப்பார். லெட்டரர் வசன பலூன்களையும் ஒலிச் சொற்களையும் அமைப்பார். இத்தனை பேரையும் தேதி தவறாமல் நகர்த்திச் செல்வது எடிட்டரின் பொறுப்பு. மாதம் ஓர் இதழ் வெளிவர வேண்டும் என்பதால், பென்சிலர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பக்கம் முடித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்வதும் உண்டு. ஆனால் எந்தப் பகுதியில் உங்கள் கை பலமானது என்று தெரிந்தால், அந்த வாசல் வழியாகவும் துறைக்குள் நுழையலாம்.

ஸ்கிரிப்டைப் படிக்கும் முறை

ஸ்கிரிப்ட் இரண்டு விதமாக வரும். 1960களில் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளர் ஸ்டான் லீ கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார் அல்லது பேசி முடிவு செய்வார். ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்கள் அதைப் பக்கம் பக்கமாக வரைந்து வந்த பிறகே வசனம் எழுதப்படும். காட்சியின் வேகம், கோணம், திருப்பம் எல்லாமே ஓவியர் தீர்மானித்தவை.

இன்னொரு முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் விவரணையும் வசனமும் முன்பே எழுதப்பட்டிருக்கும். 1986–87இல் 12 இதழ்களாக வெளிவந்த 'வாட்ச்மென்' இதற்குப் பேர்போன உதாரணம். முதல் இதழுக்கு மட்டும் எழுத்தாளர் ஆலன் மூர் தட்டச்சு செய்து அனுப்பிய ஸ்கிரிப்ட் 101 பக்கம். ஓவியர் டேவ் கிப்பன்ஸ் முதலில் அத்தனை தாள்களுக்கும் எண் போட்டார். பிறகு ஹைலைட்டர் பேனாவால் வசனத்தையும் காட்சி விவரணையையும் தனித்தனியே குறித்துக்கொண்டார். பென்சிலைத் தொட்டது அதற்கப்புறம்தான்.

நீங்களும் இதைப் பின்பற்றலாம். ஸ்கிரிப்டை முதல் தடவை வாசகராக மட்டும் படியுங்கள். இரண்டாம் தடவை மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எங்கே நடக்கிறது, யார் எந்தப் பக்கம் நிற்கிறார், இந்தப் பக்கத்தின் முக்கியமான கணம் எது. அந்த முக்கியக் கணத்துக்குத்தான் பெரிய கட்டம்.

தம்ப்நெயில்: பக்கத்தின் தலைவிதி இங்கேதான்

தம்ப்நெயில் என்பது தீப்பெட்டி அளவிலோ உள்ளங்கை அளவிலோ முழுப் பக்கத்தையும் கிறுக்கிப் பார்ப்பது. முகம், விரல், உடை மடிப்பு எதுவும் இதில் வேண்டாம். கட்டங்களின் அளவு, உருவங்கள் நிற்கும் இடம், பலூன் வரும் இடம் மட்டும் போதும். ஒரே பக்கத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் போட்டுப் பாருங்கள். இங்கே தவறினால் பின்னால் எவ்வளவு உழைத்து வரைந்தாலும் பக்கம் எழுந்து நிற்காது. கவனிக்க வேண்டியவை இவை:

1. புதிய இடத்துக்குக் கதை போகும்போது முதல் ஓரிரு கட்டங்களுக்குள் அந்த இடத்தை முழுதாகக் காட்டிவிடுங்கள். வாசகர் எங்கே இருக்கிறோம் என்று தேடக்கூடாது.

2. இருவர் பேசும்போது இடப்பக்கம் இருப்பவர் இடப்பக்கமே இருக்கட்டும். காரணமின்றி இடம் மாறினால் யார் பேசுகிறார் என்று குழப்பம் வரும்.

3. முதலில் பேசுபவரைக் கட்டத்தின் இடப்பக்கம் வையுங்கள். பலூன்களை வாசிக்கும் வரிசை அப்போதுதான் இடறாது.

4. பலூனுக்கு இடம் விட்டு வரையுங்கள். பெரும்பாலும் கட்டத்தின் மேற்பகுதியைக் காலியாக விடுவது வழக்கம்.

5. அதிர்ச்சியான காட்சியைப் பக்கம் புரட்டியதும் வரும் இடப்பக்கத்தில் வையுங்கள். வலப்பக்கத்தில் வைத்தால், அந்த விரிப்பைத் திறந்த உடனேயே வாசகரின் கண் அதைப் பார்த்துவிடும்.

கட்ட அமைப்பே கதையின் கருத்தைத் தாங்க முடியும் என்பதற்கும் 'வாட்ச்மென்'தான் சாட்சி. பக்கத்துக்கு ஒன்பது சம கட்டங்கள் என்ற அடிப்படையை கிப்பன்ஸ் நூல் முழுக்க வைத்துக்கொண்டார். அதனால் எங்காவது ஒரு கட்டம் விரியும்போது அதன் அழுத்தம் வாசகருக்கு உடனே உறைக்கிறது. ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்ப வரும். நடுவிரிப்பு வரை எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல எதிரொலிக்கும். அழகான உருவங்கள் வரைவதால் மட்டும் இது கைகூடாது, முழு இதழையும் ஒரே பார்வையில் திட்டமிட வேண்டும்.

வெறும் பேச்சாகவே போகும் பக்கங்கள்தான் புதியவர்களைத் திணறடிக்கும். இதற்காகவே வாலி வுட் என்ற அமெரிக்க ஓவியர், அலுப்பூட்டாமல் கட்டம் அமைக்கும் பல வழிகளை வரைந்து வைத்தார். நிழலுருவமாகக் காட்டுவது, மிக அருகில் போவது, மிகத் தள்ளி நிற்பது, முன்னால் ஒரு பொருளைப் பெரிதாக வைப்பது என எளிய உத்திகள்தான். அவற்றை நகலெடுத்துப் பழகுங்கள்.

பென்சிலும் மையும்

அமெரிக்க இதழ்களுக்கு 11க்கு 17 அங்குல பிரிஸ்டல் அட்டையில் வரைவது மரபு. அச்சில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். சுருங்கும்போது மிக நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். வெளிர்நீலப் பென்சிலால் முதல் வரைவு போடும் பழக்கம் அச்சுக் கேமரா காலத்தில் வந்தது. அந்த நீலம் ஃபிலிமில் பதியாது என்பதால் அழிக்கும் வேலை மிச்சம். இன்று ஸ்கேன் செய்த பிறகு கணினியில் அந்த நீலத்தை நீக்கிவிடலாம்.

மையிடுவது பென்சில் கோட்டின் மேல் அப்படியே இழுப்பது என்று நினைக்க வேண்டாம். அருகில் இருப்பதற்குத் தடித்த கோடு, தொலைவுக்கு மெல்லிய கோடு என்று ஆழத்தை உண்டாக்குவது இங்கர். முழுக்கருப்பை எங்கே நிரப்புவது என்று முடிவெடுத்து, வாசகரின் கண்ணை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவதும் அவரே. கிர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் மையிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பக்கங்களைப் பாருங்கள். பிறகு கிர்பிக்கு வேறொருவர் மையிட்ட பக்கங்களை அருகில் வையுங்கள். ஒரே ஓவியரின் படம் இரண்டு விதமாகத் தெரியும்.

இப்போது பலர் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட், ப்ரோக்ரியேட் போன்ற மென்பொருள்களில் நேரடியாக வரைகிறார்கள். அச்சுக்குப் போகும் கருப்புக் கோட்டுப் படத்தை 600 டிபிஐயில் வைத்திருங்கள். கருவி எதுவானாலும் தம்ப்நெயிலைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

வண்ணமும் எழுத்தும்

கலரிஸ்டுக்கு முன்னால் ஃப்ளாட்டர் என்றொருவர் இருக்கிறார். முகம், சட்டை, வானம் என ஒவ்வொரு பகுதியையும் தட்டையான நிறங்களால் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், புதியவர்களுக்கும் வாய்ப்பு உண்டு, பெரிய ஓவியர்களின் பக்கங்களை நெருங்கிப் பார்க்கும் பயிற்சியும் கிடைக்கும்.

லெட்டரிங்கில் தமிழுக்கென்று தனிச் சவால்கள் இருக்கின்றன. நம் எழுத்துகளின் சில பகுதிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். சொற்களும் நீளம். "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரே சொல் ஒடுக்கமான பலூனுக்குள் அடங்காது. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் தந்தபோது, வேறு மொழிக்கென்று வரைந்த பலூன்களுக்குள் தமிழை அமைக்க வேண்டியிருந்தது. நீங்கள் தமிழிலேயே புதிதாக வரைகிறீர்கள் என்றால், தம்ப்நெயிலிலேயே பலூனை அகலமாகப் போடும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

வேலை கேட்டுப் போகும்போது

போர்ட்ஃபோலியோவில் தனிப் படங்களைக் குறைத்து, ஒரே கதையின் தொடர்ச்சியான நான்கைந்து பக்கங்களை வையுங்கள். அதில் அமைதியான உரையாடல் ஒன்று, வேகமான காட்சி ஒன்று, சரியான பரிமாணத்தில் ஒரு தெரு அல்லது அறை, வெவ்வேறு வயதினர் இருக்கட்டும். சுமாரான பக்கத்தைச் சேர்க்க வேண்டாம். எடிட்டர்கள் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான்.

ஒப்புக்கொண்ட கெடுவைக் காப்பாற்றுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பென்சில் ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த ஒரு வாரம் இங்கர், கலரிஸ்ட், லெட்டரர் தலையில் விழுகிறது.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை திருத்தம் இலவசம், உரிமை யாருக்கு, மூல ஓவியம் யாரிடம் இருக்கும் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதன் உரிமையை 1938இல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், படைப்பாளிகள் என்ற பெயரும் மீண்டும் கிடைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. உரிமையை விற்பது தவறில்லை, எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும்.

இந்த வாரமே தொடங்க

உங்கள் ஊரில் சொல்லப்படும் சின்னக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கங்களுக்குத் தம்ப்நெயில் போடுங்கள். வசனம் எழுதாமல், அந்தக் கதையை அறியாத ஒருவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தயங்கும் கட்டத்தைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் மாற்றுங்கள். வேறொருவரிடம் காட்டுங்கள். ஒருவரும் தயங்காமல் கதையைச் சொல்லி முடிக்கிற அன்று, பெரிய அட்டையை எடுத்துப் பென்சிலைக் கூர்மையாக்குங்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் நான்கு பக்கங்கள் தயார்.