மூலையில் யூனியன் ஜாக் இருந்தால் பிரிட்டனின் சொத்தா?

க்விஸ் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் கொடிகளுக்கென்றே சில குறுக்குவழிகள் இருக்கும். கம்பத்தின் பக்கமாகத் தள்ளி நிற்கும் சிலுவை என்றால் ஸ்காண்டிநேவியா. சிவப்பு, மஞ்சள், பச்சை சேர்ந்தால் ஆப்பிரிக்கா. பிறை என்றால் முஸ்லிம் நாடு (சிங்கப்பூர் கொடியிலும் பிறை உண்டு என்பது அப்போது நினைவுக்கு வராது). முதல் சுற்றுக்கு இவை போதும். கேள்வி கேட்பவர் நாடுகளை விட்டுவிட்டு, இன்னொரு நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட தீவுகளுக்கும் பகுதிகளுக்கும் போனதுமே குறுக்குவழிகள் காலை வாரிவிடும்.

நம்பிக்கை: மூலையில் யூனியன் ஜாக் இருந்தால் அது பிரிட்டனுக்குச் சொந்தமான பகுதி.

அதிக மதிப்பெண்ணைப் பறிப்பது இதுதான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதிவிலக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பிஜியில்தான் தடுமாறுவார்கள். 1970இலேயே விடுதலை பெற்ற நாடு அது. வெளிர்நீலக் கொடியின் மூலையில் யூனியன் ஜாக் இன்னும் இருக்கிறது. எதிர்ப்புறம் உள்ள கேடயத்தை உற்றுப் பாருங்கள்: மேலே கொக்கோ காயைப் பிடித்த சிங்கம், கீழே கரும்பு, தென்னை, வாழைக்குலை, ஒரு புறா. அந்தக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1903 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. 2015இல் கொடியை மாற்றப்போவதாக பிஜி அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் ஆட்டத்தில் நாட்டின் முதல் பதக்கமே தங்கமாக வந்தது. ஊரே பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு கொண்டாடியது. அரசு தன் யோசனையைக் கைவிட்டது.

துவாலு இதைவிட வேடிக்கை. 1995இல் யூனியன் ஜாக்கைக் கொடியிலிருந்து எடுத்தது, 1997இல் மறுபடி சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்து மக்களும் 2016 வாக்கெடுப்பில், பாதிக்கு மேற்பட்டோர், பழைய கொடியே இருக்கட்டும் என்றார்கள். அமெரிக்க மாநிலமான ஹவாயின் கொடியிலும் யூனியன் ஜாக் இருக்கிறது. நியுவே தீவின் மஞ்சள் கொடியிலும் இருக்கிறது. அந்தத் தீவு இணைந்திருப்பதோ நியூசிலாந்துடன்.

தலைகீழாகப் போட்டாலும் விதி நிற்காது. ஜிப்ரால்டர் பிரிட்டனின் பகுதிதான். கொடியில் வெள்ளை, சிவப்புப் பட்டைகள், மூன்று கோபுரங்கள் கொண்ட கோட்டை, வாசலில் தொங்கும் தங்கச் சாவி. யூனியன் ஜாக் எங்குமே இல்லை.

நீலத் துணி, மூலையில் யூனியன் ஜாக், வலப்பக்கம் ஒரு சின்னம் என்று ஒரே அச்சில் இருக்கும் பிரிட்டிஷ் பகுதிகளின் கொடிகளைப் பிரித்தறிய வழி ஒன்றே ஒன்று: சின்னத்தைப் படிப்பது. செம்மறிக்கடா நின்றால் ஃபாக்லாந்து. பச்சை உடுத்திய பெண் யாழ் பிடித்திருந்தால் மாண்ட்செராட். மூன்று டால்பின்கள் வட்டமடித்தால் அங்குவில்லா. சங்கு, லாப்ஸ்டர் எனும் சிங்கி இறால், கள்ளிச்செடி மூன்றும் இருந்தால் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள்.

இந்தக் கடைசிச் சின்னத்துக்கு முன்பு இருந்ததுதான் சுவையான கதை. ஹைத்திக்கு வடக்கே உள்ள அந்தத் தீவுகளின் பழைய தொழில் உப்பெடுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சின்னத்தில் கடற்கரை, கப்பல், உப்பு வாரும் தொழிலாளர்கள், இரண்டு வெள்ளைக் குவியல்கள். லண்டனில் அதைச் சீராக வரைய உட்கார்ந்தவருக்கு அந்தக் குவியல்கள் பனிக்கட்டி வீடுகளாகத் தெரிந்திருக்கின்றன. ஒன்றுக்கு வாசலும் வைத்துவிட்டார். அனல் பறக்கும் கரீபியத் தீவு ஒன்று 1968 வரை தன் கொடியில் இக்ளூவைச் சுமந்துகொண்டிருந்தது. கொடியைப் பார்த்து ஊரைக் கண்டுபிடி என்று அந்நாளில் யாராவது கேட்டிருந்தால், விடை நேராக ஆர்க்டிக் பக்கம் போயிருக்கும்.

நம்பிக்கை: பட்டியலில் பெயர் இருந்தால் தனிக் கொடியும் இருக்கும்.

ஐநா உறுப்பு நாடுகள் 193. க்விஸ் செயலிகள் பலவும் பின்பற்றும் ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் 249 பெயர்கள். இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில் ஆளே குடியிராத தீவுகளும் அடக்கம். பூவே தீவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் நார்வே கொடியேதான். ஹேர்ட் தீவுக்கு ஆஸ்திரேலியக் கொடி. உங்கள் போனின் எமோஜி வரிசையில் நார்வே கொடி ஒன்றுக்கு மேல் தென்படுவதற்கும் காரணம் இந்தப் பட்டியல்தான். கொடி எமோஜிகள் அதன் இரண்டெழுத்துக் குறியீடுகளை வைத்துச் செய்யப்பட்டவை. அந்தக் கொடியைக் காட்டி, நான்கு விடைகளில் நார்வேயையும் பூவேயையும் ஒன்றாக வைப்பது அறிவுச் சோதனை அல்ல, குருட்டாம்போக்கு.

பிரெஞ்சுப் பகுதிகளில் சிக்கல் இன்னும் கெட்டி. தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ரீயூனியனுக்கு, எரிமலையும் ஐந்து ஒளிக்கதிர்களும் கொண்ட கொடியைப் பல புத்தகங்கள் போட்டிருக்கும். மக்கள் விரும்பிப் பறக்கவிடும் கொடி அது. அதிகாரபூர்வக் கொடி பிரான்சின் மூவண்ணம். மார்த்தினிக்கைப் பற்றிக் கேட்டால், நீல நிறத்தில் வெள்ளைச் சிலுவையும் நான்கு பாம்புகளும் கொண்ட கொடியைப் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தார்கள். அது 1766இல் மார்த்தினிக், செயின்ட் லூசியா கப்பல்களுக்கு விதிக்கப்பட்ட கொடி. பாம்புகள் ‘எல்’ எழுத்தாக வளைந்திருப்பதும் லூசியாவுக்காகத்தான். அடிமை வாணிபக் காலத்தை நினைவூட்டுகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 2018இல் அங்குள்ள ஜாந்தர்மரிக் காவலர்களின் சீருடையிலிருந்து அந்தச் சின்னம் அகற்றப்பட்டது. சிவப்பு, பச்சை, கறுப்புக் கொடியை மார்த்தினிக் மன்றம் ஏற்றது 2023இல். பாம்புக் கொடியை இன்றும் சரியான விடையாக வைத்திருக்கும் கேள்வித் தொகுப்பை நான் நம்புவதில்லை. அதில் மற்ற விடைகளும் அப்படித்தான் இருக்கும்.

செயின்ட் மார்ட்டின் தீவு ஒன்று, விடை இரண்டு. வடபாதி பிரான்சுடையது, காட்டப்படுவது பிரெஞ்சுக் கொடி. தென்பாதியான சின்ட் மார்ட்டன் நெதர்லாந்து முடியரசில் சேர்ந்தது. மேலே சிவப்பு, கீழே நீலம், கம்பத்தோரம் வெள்ளை முக்கோணம். அவசரக்காரர்கள் பிலிப்பைன்ஸ் என்பார்கள். பிலிப்பைன்ஸில் நீலம் மேலே. போர்க்காலத்தில் மட்டும் அதைத் தலைகீழாக்கி, சிவப்பை மேலே கொண்டுவருவது அவர்கள் சட்டம்.

நம்பிக்கை: எந்தக் கொடியைப் போல இருக்கிறதோ, அந்த நாட்டுக்குச் சொந்தம்.

ஓலந்துத் தீவுகளின் கொடி ஸ்வீடன் கொடிக்குள் ஒரு சிவப்புச் சிலுவையைச் செருகியது போலிருக்கும். அங்கே பேசுவதும் ஸ்வீடிஷ்தான். தீவுகள் இருப்பது பின்லாந்தில். போர்ட்டோ ரிக்கோவின் கொடி, கியூபா கொடியில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிப்போட்டது. 1895இல் நியூயார்க்கில் கூடிய விடுதலைப் போராளிகள் வேண்டுமென்றே செய்தது அது. பிறகு ஆள வந்த அமெரிக்காவின் கண்ணை அது உறுத்தியதில் வியப்பில்லை: 1948இல் வந்த வாய்ப்பூட்டுச் சட்டத்தின் கீழ் அந்தக் கொடியை வீட்டில் வைத்திருப்பதுகூடக் குற்றமாக்கப்பட்டது. 1952இல் அதே கொடியே அதிகாரபூர்வம் ஆனது.

நம்பிக்கை: நன்றாக உற்றுப் பார்த்தால் எந்தக் கொடியையும் அடையாளம் கண்டுவிடலாம்.

திரையில் முடியாது. மொனாக்கோவும் இந்தோனேசியாவும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வேறுபாடு அளவில்: மொனாக்கோ 4:5, இந்தோனேசியா 2:3. படங்களை எல்லாம் ஒரே செவ்வகத்தில் திணிக்கும் செயலி அந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடுகிறது. சதுரமான சுவிஸ் கொடியைக்கூட நீட்டிவிடுகிறார்கள். சாட் நாட்டுக்கும் ருமேனியாவுக்கும் நீலத்தின் சாயலில் மட்டும் வித்தியாசம். ருமேனியா 1989 புரட்சியில் கொடியின் நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தை வெட்டியெறிந்தது. மிஞ்சியது சாட் 1959இலேயே ஏற்றுக்கொண்ட கொடி. இந்த இரண்டில் ஒன்றைக் காட்டிக் கேள்வி வந்தால், நடுவரிடம் தயங்காமல் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

பழைய வினாத்தாளை வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மவுரித்தானியா 2017இல் மேலும் கீழும் சிவப்புப் பட்டைகளைச் சேர்த்தது. கிர்கிஸ்தான் 2023 இறுதியில் சூரியனின் வளைந்த கதிர்களை நிமிர்த்தியது. வெள்ளையில் சிவப்பு, நீலப் பட்டைகள் குறுக்கிட்டு, நடுவே ஐந்து நட்சத்திரங்கள் இருந்தால் அது நெதர்லாந்து ஆண்டிலிஸ். அரூபா பிரிந்துபோகும்வரை ஆறு. 2010 அக்டோபர் 10 அன்று அந்தப் பகுதியே கலைக்கப்பட்டு, குரசாவும் சின்ட் மார்ட்டனும் தனித்தனியாயின. பொனேர், சபா, சின்ட் யூஸ்டேஷியஸ் மூன்றும் நெதர்லாந்தின் நேரடி நிர்வாகத்துக்குப் போயின. கேள்வித் தொகுப்புகளில் இருந்து மட்டும் அது இன்னும் கலையவில்லை.