மகரந்த ஒவ்வாமை: காரணம் அறிந்து மருந்திடல்

டில்லியில் மாசி, பங்குனி மாதங்களில் நம் மாணவருள் சிலர் ஓயாது தும்முவதையும், கண் சிவந்து நீர் வடிவதையும் காண்கிறோம். "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாமே தீர்ப்பும் கூறிவிடுகிறோம். ஆண்டுதோறும் அதே பருவத்தில் இத்தொல்லை வருமாயின், காற்றில் மிதக்கும் மகரந்தத்தின்மீது ஐயம் கொள்ளவேண்டும். மருத்துவம் பயிலும் நான் இதுபற்றி அறிந்தவற்றை இங்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

இந்நோய்க்கு மகரந்தமே காரணம் என்பதைச் சார்லஸ் பிளாக்லி என்னும் ஆங்கில மருத்துவர் தம் உடலிலேயே சோதித்து, 1873-இல் நூலாக வெளியிட்டார். 1911-இல் லியோனார்ட் நூன் என்பார், மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசி வழியே செலுத்தி உடலைப் பழக்கும் முறையை இலண்டனிலிருந்து அறிவித்தார். இச்சிகிச்சை இன்று ஏறக்குறைய மூன்றாண்டுகள் நடைபெறுகிறது. அரிதாக, ஊசி போட்டவுடன் கடும் ஒவ்வாமை எழுவதும் உண்டு. ஆதலின் அரைமணி நேரம் மருத்துவர் பார்வையில் இருத்தல் வேண்டும். இத்தகைய சிகிச்சையை, எந்த மகரந்தம் என்று தெளியாமல் தொடங்கலாமா?

தெளிவதற்கு முதற்படி நோயின் வரலாறு. அடுத்தது தோற்சோதனை. முன்கையில் பல மகரந்தச் சாறுகளைத் துளித்துளியாக இட்டு, மேல்தோலில் இலேசாகக் குத்துவர். ஒப்புநோக்க ஹிஸ்டமின் ஒரு துளியும் உப்புநீர் ஒரு துளியும் இடுவர். 15 முதல் 20 நிமிடங்களில், உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டரேனும் மிகுந்த தடிப்பு எழுந்தால், உடல் அப்பொருளை எதிர்க்கிறது என்பது பொருள். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் தடிப்பை மறைத்துவிடுமாதலால், மருத்துவர் சொற்படி அவற்றைச் சில நாள் முன்னரே நிறுத்தவேண்டும்.

ஆயின், தடிப்பு எழுந்த ஒவ்வொன்றும் நோய்க்குக் காரணமாகிவிடாது. ஒருவருக்கு ஆயா மரம், முள்ளுக்கீரை இரண்டிற்கும் தடிப்பு எழுகிறது என்க. ஆயா மரம் இங்கு இளவேனிலில் பூப்பது. முள்ளுக்கீரை மழைக்குப்பின் மிகுவது. அவர் தும்முவதோ பங்குனியில் மட்டும். எனவே ஆயா மரத்தையே முதலில் ஐயுறவேண்டும். மேலும், புரோபிலின் போன்ற புரதங்கள் பற்பல செடிகளுக்கும் பொதுவானவை. அவற்றை எதிர்க்கும் உடல் பல சாறுகளுக்கும் தடிப்புக் காட்டும். அந்நிலையில், தனித்தனிப் புரதங்களுக்கு எதிரான ஐ.ஜி.இ.யை இரத்தத்தில் அளந்து, உண்மைக் காரணத்தைப் பிரித்தறியலாம்.

ஆதலின் நண்பர்களே, தும்மல் தொடங்கிய நாள், நின்ற நாள், அப்போது இருந்த இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பையும் உடன் கொண்டு செல்லுங்கள். தோலில் எழும் தடிப்பின் பொருளை அதுவே விளக்கும்.