இல்லமும் பார வண்டியும்

ஒருவன் தனக்கே உரிய வண்டியைத் தன் மனைமுன் இரவில் நிறுத்தி வைத்தல் குற்றமாகுமோ? அவ்வண்டி லாரி போன்ற பார வண்டியாயின் குற்றமே என்கின்றன, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள் பலவற்றின் விதிகள். இவ்விதிகள் எங்ஙனம் தோன்றின, எத்துணை பொருந்துவன என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நகரின் நிலத்தைக் குடியிருப்பு, கடை, தொழிற்சாலை எனக் கூறுபடுத்து, இன்ன கூற்றில் இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என வரையறுப்பது மண்டல விதியாம். அந்நாட்டில் நகர் முழுமைக்கும் இதனை முதன்முதல் வகுத்தது நியூயார்க், ஆண்டு 1916. ஏனைய ஊர்களும் பின்பற்றின, நிலமுடையோர் சினந்தனர். ஒஹாயோ மாகாணத்து யூக்ளிட் என்னும் ஊரில் 68 ஏக்கர் உடைய ஆம்பிளர் கம்பெனியார், தொழிற்சாலைக்கு விற்பின் ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம், வீடுகட்கென ஒதுக்கப்பட்டமையால் 2,500 டாலருக்கு மேற் பெறாதென வழக்கிட்டனர். 1926-இல் உச்ச நீதிமன்றம் ஊரார் பக்கமே தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பில் நீதிபதி சதர்லண்டு கொண்ட கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது: தொல்லை எனப்படுவது எப்பொழுதும் தீய பொருளன்று, நல்ல பொருளே தகாத இடத்தில் இருப்பின் தொல்லையாகிவிடும்.

லாரிக்கு இக்கருத்து நன்கு பொருந்தும். ஊரார் உண்ணும் ரொட்டியும் உடுக்கும் துணியும் அதன்மேல் ஏறியே வருகின்றன. ஆயினும், பனிக்காலத்தில் விடியுமுன் அதன் டீசல் எந்திரத்தை முடுக்கிச் சூடேற்றுங்கால் அண்டை வீட்டுக் குழந்தை அலறி எழுகின்றது. குளிர்ப்பெட்டி பூட்டிய வண்டியாயின் இரவு முழுதும் ஓயாது இரையும். பாதைக்கு விளையும் கேடு கண்ணுக்கு உடனே புலப்படாதெனினும் பெரிது. இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்த்திய சாலைச் சோதனையில், ஓர் அச்சின்மேல் ஏறும் சுமை இருமடங்கானால் பாதையின் சிதைவு ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று கண்டனர். குடியிருப்புத் தெருவின் மெல்லிய தளம் இதனைப் பொறாது. ஆகவே, எடையையும் ஒலியையும் அளந்து விலக்கும் விதியை நாம் பழிப்பதற்கில்லை.

இடர்ப்பாடு அளவையில் அன்று, சொல்லில் தொடங்குகின்றது. 'டிரக்கு' என்பது யாது? குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று நன்னூல் விலக்கும் குற்றங்களைப் பற்றி நாம் வகுப்பிற் கேட்டு அலுத்திருக்கிறோம். அவை நகரசபைகளின் ஏடுகளிலும் உலவக் காண்பது வியப்பே! புளோரிடா மாகாணத்து மயாமியை அடுத்துள்ளது கோரல் கேபிள்ஸ். 1925-இல் நகராகப் பதிவு பெற்ற, அழகுக்கென்றே திட்டமிட்ட ஊர். அவ்வூரில் முன்னர் இருந்த விதிப்படி, இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை குடியிருப்புத் தெருவில் டிரக்கு எதுவும் நிற்றலாகாது. தன் மனைக்குள் நிறுத்துவோனும் மூடிய கொட்டகையினுள்ளேதான் வைத்தல் வேண்டும். பின்புறம் திறந்த தட்டுடைய 'பிக்கப்' என்னும் சிறு வண்டியும் அவ்விதியில் டிரக்காகவே கொள்ளப்பட்டது. அதனை ஒத்த எடையும் உயரமும் உடையதாயினும், பின்புறம் மூடிய பெருங்காருக்கு மட்டும் தடை இருந்ததில்லை.

சொந்தப் பயணத்திற்கே பிக்கப் வைத்திருந்த ஒருவர், 2003-இல் தம் வாடகை வீட்டின்முன் அதனை நிறுத்தியமைக்காகக் குற்றம் சாட்டப்பெற்று வழக்காடினார். 2007-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் சிலர் கூடி அவ்விதி செல்லாதென்றனர். 2010-இல் அதே நீதிமன்றத்தார் அனைவரும் ஒருங்கமர்ந்து, ஊரின் தோற்றத்தைப் பேணுதலும் நகரசபைக்கு உரியதே என்று அதனை நிலைநாட்டினர். இத்தீர்ப்புச் சட்டநெறிக்கு இயைந்ததாகலாம். ஆனால் சதர்லண்டு காட்டிய அளவுகோலை வைத்து நோக்கின், ஓசையின்றி உறங்கும் வண்டியால் விளைந்த தொல்லை யாதென நமக்குப் புலனாகவில்லை. இழிவாகக் கருதப்பட்டது வண்டியன்று, அதனை ஓட்டும் தச்சனும் குழாய் வேலைக்காரனுமே என்று ஐயுறுகிறோம். 2012 நவம்பரில் அவ்வூர் வாக்காளரே தடையை நீக்குமாறு வாக்களித்தனர்.

நகரசபையேயன்றி வீட்டுடையோர் சங்கங்களும் இத்தகைய தடைகளை விதிப்பதுண்டு. வீடு வாங்குவோர் அவற்றிற்கு உடன்பட்டே வாங்குகின்றனர். இச்சங்கங்களைக் கட்டுப்படுத்தப் புளோரிடா சட்டசபை இயற்றிய சட்டம் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பிக்கப் வண்டியையும், தொழிற்பெயர் எழுதிய வேலை வண்டியையும் உடையவன் தன் வீட்டு முற்றப்பாதையில் நிறுத்துதலைச் சங்கத்தார் இனித் தடுக்கலாகாது. 26,001 பவுண்டும் அதற்கு மேலும் எடையுடையனவும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுடையனவும் இவ்வுரிமை பெறா. கண்ணுக்குத் தோன்றும் எழுத்தை விடுத்து, எடையையும் அச்சையும் எண்ணும் இவ்வரையறை முன்னையதினும் தெளிவுடையது. எனினும் இச்சட்டம் சங்கங்களையே கட்டும், நகரசபைகளைக் கட்டாது.

எஞ்சி நிற்போன் ஒருவன் உளன். கடன்பட்டு ஒரு லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவன். பின்வண்டியைக் கழற்றிவிட்டு முன்வண்டியோடு மட்டும் வீடு திரும்பினாலும், மூன்று அச்சு உடைமையால் அதுவும் விலக்கில் அடங்கும். பல நாட் பயணம் முடித்து வருபவன், ஊர்ப்புறத்தில் வாடகைக்கு இடம் பிடித்து அதனை நிறுத்திப் பூட்டிவிட்டு, மனைவி கொணரும் சிறு காரில் ஏறி வீடு சேர்கின்றான். அவ்வாடகையை அவன் தன் சுமைக்கூலியினின்றே கொடுத்தல் வேண்டும்.