தோட்டத்துக்கு வயிற்று ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

முப்பது வருடம் கேகாலைத் தோட்ட மருந்துச்சாலைகளில் வேலை பார்த்தவன் நான். அஜீரண மருந்துகளைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கு விபரம் எடுக்க வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு இதைச் சொல்கிறேன்.

1. "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று ஒருவர் சொன்னதும் படிவத்தில் அப்படியே எழுதிவிடாதீர்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை லயங்களில் அந்த ஒரு சொல்லுக்குள் பொருமல், புளிச்ச ஏப்பம், நெஞ்செரிவு, நாலு வாயிலேயே வயிறு நிறைவது எல்லாம் அடங்கும். அஜீரணத்தை வரையறுக்கும் ரோம் அளவுகோலில் நெஞ்செரிவு வேறு, மேல்வயிற்று எரிவு வேறு. "எங்க எரியுதுன்னு தொட்டுக் காட்டுங்கக்கா" என்று கேளுங்கள்.

2. மருந்தில்லாத வெற்று மாத்திரையை மதியுங்கள். வயிற்றுவலியோடு வரும், அஜீரணமும் அடங்கிய கோளாறுகள் உள்ள 100 பிள்ளைகளுக்குக் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 வாரம் டொம்பெரிடோன் என்ற மருந்தோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். முடிவு 2018இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 74 வீதம் பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரையிலும் 50 வீதம்! முழுக் குணம் 44 வீதத்துக்கு 28 வீதம். அந்த இடைவெளி தற்செயலாகவும் வரலாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஊற்றிக் கொடுத்த கலவையால் சுகமானவர்கள் எத்தனை பேர், உட்காரவைத்து விசாரித்ததால் சுகமானவர்கள் எத்தனை பேர்? ஒப்பிட ஒரு குழு இல்லாததால் எனக்கு அது தெரியாமலே போயிற்று. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

3. மஞ்சள் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தாய்லாந்தில் அஜீரணமுள்ள 206 பேரை மூன்று குழுவாக்கி, 28 நாள் மஞ்சளில் உள்ள குர்குமினையும் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். ஆனால் வெற்று மாத்திரை மட்டும் எடுத்த குழு அதில் இல்லை. இரண்டாம் அறிவுரையை இங்கே நினைத்துப் பாருங்கள். அங்கே கொடுத்த குர்குமினும் நாளுக்கு 2 கிராம். குழம்பில் போடும் மஞ்சளோடு அதைச் சேர்த்துப் பேசி யாருக்கும் ஆசை காட்டாதீர்கள்.

4. மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள். ரப்பர் பால்வெட்டுக்காரர் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டிக்ளோபெனாக்கே வயிற்றை எரிக்கும்.

5. கறுப்பாக மலம் போகிறது, சோறு தொண்டையில் சிக்குகிறது, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறது என்றால் படிவத்தை மூடுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மார்பை அடைத்து வியர்த்தாலும் அப்படித்தான். அது இருதயமாக இருக்கலாம்.

6. தோட்டத் துரை அனுமதித்தது தோட்டத்துக்குள் நுழைய மட்டும். ஆய்வில் சேரும் சம்மதம் நீங்கள் விசாரிக்கும் அக்காவுடையது. தமிழில், அவருக்கு விளங்கும் தமிழில், வாசித்துக் காட்டுங்கள். "மாட்டேன்னு சொன்னாலும் உங்களுக்கு மருந்து கிடைக்கும்" என்பதை முதலில் சொல்லுங்கள், கைநாட்டு பிறகு. விடியலில் வெறும் தேத்தண்ணியோடு வெட்டுக்குப் போனவர் பாலை நிறுத்துக் கொடுத்து வீடு வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். வந்ததும் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். சாப்பிட்டு முடிக்கட்டும், வாசலில் காத்திருங்கள்.